பார்த்துக்கொண்டிருந்தால் அணு நின்றுவிடுமா?

நவீன விஞ்ஞானத்தின் கோட்பாடுகளில் குவாண்டம் பொறிமுறையைப் போன்று பொருத்தமில்லாத இடங்களுக்கெல்லாம் இழுத்துச் செல்லப்படுகின்ற வேறொன்று இருக்கமுடியாது. அந்தக் கோட்பாட்டிலும் 'அளவீடு' பற்றிய பகுதியே கூடுதலான துஷ்பிரயோகத்துக்கு உள்ளாகியிருக்கிறது. "நாம் பார்ப்பதனால் உலகம் மாறுகிறது என்று விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்" என்ற வாசகத்தைத் தமிழில் வெளிவருகின்ற இதழ்களிலும், தொலைக்காட்சி உரைகளிலும், கைத்தொலைபேசிகளில் நாளாந்தம் வந்து குவிகின்ற காணொளிகளிலும் வாசகர்கள் கண்டிருப்பார்கள். அந்த வாசகத்தில் இருந்து மனதை ஒருமுகப்படுத்தினால் நோய் நின்றுவிடும் என்ற முடிவுக்கும், அங்கிருந்து அதற்கான கட்டணத்துக்கும் வந்துசேருவதற்கு அதிக தூரம் பயணிக்கவேண்டியதில்லை.

இத்தகைய பேச்சுகளை வெறும் புரளி என்று ஒதுக்கிவிட்டுப் போவது சுலபம். ஆனால், அவற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்படுகின்ற ஒரு விளைவு உண்மையானது. ஆய்வுகூடங்களில் மீண்டும் மீண்டும் நிரூபிக்கப்பட்டது. திரும்பத் திரும்ப அளவிடப்படுகின்ற ஒரு குவாண்டம் தொகுதி தனது நிலையில் இருந்து மாறமுடியாமல் உறைந்துபோகிறது என்பதே அந்த விளைவு. 'குவாண்டம் ஸீனோ விளைவு' என்று அதற்குப் பெயர். விளைவு உண்மை, அதிலிருந்து பெறப்படுகின்ற போதனை பொய் என்பதே எனது வாதம். அதை நிறுவுவதற்கு அந்த ஆய்வுகள் உண்மையில் எதைக் காட்டின என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டியிருக்கிறது.

கி.மு. 5 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கத் தத்துவஞானியான ஸீனோ, பறந்துசெல்கின்ற அம்பு எந்தவொரு கணத்திலும் ஓர் இடத்திலேயே இருக்கிறது என்றும், கணங்களின் தொகுப்பே காலம் என்பதால் அம்பு நகர்வதேயில்லை என்றும் வாதிட்டவர். அந்த விதண்டாவாதத்துக்குக் கணிதம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. ஆனால், குவாண்டம் உலகில் அம்பை உண்மையாகவே நிறுத்திவிட முடியும் போலத் தோன்றியதுதான் விந்தை. நவீன கணினி விஞ்ஞானத்தின் தந்தையர்களில் ஒருவரான அலன் டியூரிங் 1954 ஆம் ஆண்டில், தனது மரணத்துக்குச் சற்று முன்னர், இந்த முரண்பாட்டைக் கவனித்திருந்தார். 1950களின் பிற்பகுதியில் சோவியத் பௌதிகவியலாளர் லியோனிட் கால்ஃபின், நிலையற்ற அணுக்கரு ஒன்றின் தேய்வு அதன் ஆரம்பக் கணங்களில் நமக்குப் பழக்கமான விதியைப் பின்பற்றமுடியாது என்று காட்டினார்.

முறையான கணித நிறுவலுடன் இதை முன்வைத்து ஸீனோவின் பெயரையும் சூட்டியவர்கள், அமெரிக்காவின் ஒஸ்ரினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பைத்யநாத் மிஸ்ராவும் ஈ.சி.ஜி. சுதர்சனும் ஆவர். அவர்களின் ஆய்வுக்கட்டுரை 1977 இல் வெளியாகியது. கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில் பிறந்த சுதர்சன், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். பின்னாளில் சென்னையில் உள்ள கணித விஞ்ஞான நிறுவனத்தின் பணிப்பாளராகவும் இருந்தார். 2018 ஆம் ஆண்டில் அவர் காலமானபோது நோபல் பரிசு அவருக்குக் கிடைக்காமல் போனதைப் பற்றியே நம்மவர்கள் அதிகம் எழுதினார்கள். அவர் விட்டுச்சென்ற இந்தக் கேள்வியைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே.

கேள்வியின் சாரத்தைப் பாடசாலைக் கணிதத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். குறித்த ஒரு கால அளவில் 1,000 அணுக்களில் 100 அணுக்கள் நிலைமாறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்தைப் பத்துச் சம பங்குகளாகப் பிரித்தால் ஒவ்வொரு பங்கிலும் எத்தனை அணுக்கள் மாறும்? ஏறத்தாழ 10 என்பதே நாம் உடனடியாகச் சொல்லக்கூடிய பதில். அன்றாட அனுபவம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால், குவாண்டம் பொறிமுறையின் விதிப்படி, மாற்றம் தொடங்குகின்ற ஆரம்பக் கணங்களில் நிகழ்தகவு காலத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாக வளர்கிறது. காலம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் நிகழ்தகவு நூறில் ஒன்றாகக் குறையும். அதாவது முதலாவது பங்கில் மாறுவது 10 அணுக்கள் அல்ல, ஒரேயொரு அணு மாத்திரமே.

அந்தப் பங்கின் முடிவில் ஓர் அளவீட்டைச் செய்தால் தொகுதி மீண்டும் தொடக்கப் புள்ளிக்கே தள்ளப்படுகிறது. மெதுவான அந்த ஆரம்பம் மறுபடியும் தொடங்குகிறது. பத்துப் பங்குகளிலும் இவ்வாறு செய்தால், 100 அணுக்கள் மாறவேண்டிய இடத்தில் ஏறத்தாழ 10 அணுக்களே மாறியிருக்கும். நூறு தடவைகள் அளவிட்டால் ஓர் அணு. அளவீடுகளுக்கு இடையிலான நேரத்தைக் குறைத்துக்கொண்டே போனால் மாற்றம் பூச்சியத்தை நெருங்கும். விதை முளைத்துவிட்டதா என்று மணிக்கொரு தடவை தோண்டிப் பார்த்துக்கொண்டிருப்பவனின் தோட்டத்தில் எதுவும் முளைக்காமல் போவதைப் போன்றது இது. தோண்டுபவனின் கை விதைக்குச் செய்வதுதான் காரணமே தவிர அவனது கண் அல்ல.

இந்தக் கணக்கு வெறும் காகிதத்தில் நின்றுவிடவில்லை. 1990 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தின் போல்டரில் உள்ள தேசிய தரநிலைகள் நிறுவனத்தில் வெய்ன் இடானோ, டேவிட் வைன்லண்ட் உள்ளிட்ட குழுவினர் ஏறத்தாழ 5,000 பெரிலியம் அயன்களை மின்காந்தப் பொறி ஒன்றில் அடைத்து இதைப் பரிசோதித்தார்கள். வானொலி அலையொன்று 256 மில்லிசெக்கன்கள் வீசினால் அயன்கள் அனைத்தும் கீழ் மட்டத்தில் இருந்து மேல் மட்டத்துக்கு மாறிவிடும். அந்த இடைவெளியில் குறுகிய லேசர் ஒளிவீச்சுகளைப் பாய்ச்சி அயன்கள் எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று 'கேட்டார்கள்'. கீழ் மட்டத்தில் இருக்கும் அயன் ஒளியைச் சிதறும், மேல் மட்டத்தில் இருப்பது இருண்டிருக்கும். கோட்பாட்டின் கணிப்பின்படி, இறுதியில் ஒரு தடவை மாத்திரம் கேட்டால் 100 சதவீதமும் மாறியிருக்கும். 2 தடவைகள் கேட்டால் 50 சதவீதம், 4 தடவைகள் என்றால் 37.5 சதவீதம், 16 தடவைகள் என்றால் சுமார் 13 சதவீதம், 64 தடவைகள் என்றால் 4 சதவீதத்துக்கும் குறைவு. பரிசோதனையின் முடிவுகள் இந்தப் போக்கிலேயே அமைந்தன. வைன்லண்ட் பின்னர் 2012 ஆம் ஆண்டில் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்தப் பரிசோதனையை மேற்கோள் காட்டுபவர்கள் எவரும் சொல்லாமல் விடுகின்ற ஒரு விபரம் இருக்கிறது. இடைநடுவில் பாய்ச்சப்பட்ட ஒளிவீச்சுகளின்போது அயன்கள் சிதறிய ஒளியை எவரும் எண்ணிப் பதிவுசெய்யவில்லை. எத்தனை அயன்கள் மாறின என்பது இறுதியில்தான் கணக்கிடப்பட்டது. அறுபதுக்கும் மேற்பட்ட தடவைகள் அயன்கள் 'பார்க்கப்பட்டன'. ஆனால், பார்த்தவர் எவருமில்லை. அயன்களின் மீது மோதிய ஒளியே வேலையைச் செய்தது. அடுத்த ஆண்டே கனடாவைச் சேர்ந்த பௌதிகவியலாளர் லெஸ்லி பலன்டைன், இந்த முடிவை விளக்குவதற்கு அலைச்சார்பின் 'வீழ்ச்சி' என்ற கருத்தே தேவையில்லை என்றும், லேசர் ஒளி அயன்களுடன் புரிகின்ற இடைத்தாக்கமே போதுமானது என்றும் வாதிட்டார். பௌதிகவியலாளர்கள் மத்தியில் இந்த விவாதம் மூன்று தசாப்தங்களுக்கு முன்னரே வெளிப்படையாக நடந்தது. நமது பக்கங்களுக்கு அது வந்துசேரவில்லை.

இதுவரை சொன்னது கதையின் ஒரு பாதியே. மற்றைய பாதி, முதற்பாதியைத் தலைகீழாக்குகிறது. 'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்பது நமது பழமொழி. ஸீனோ விளைவு அதை மறுப்பது போலத் தோன்றுகிறது. அடிமேல் அடி அடிக்கும்போது அம்மி அசையாமல் நிற்கிறது. ஆனால், பழமொழியும் சரியாக இருக்கின்ற சூழ்நிலைகள் உண்டு. அவையே அதிகம் என்றும் சொல்லலாம். இஸ்ரேலின் வைஸ்மன் விஞ்ஞான நிறுவனத்தைச் சேர்ந்த ஆப்ரஹாம் கோஃப்மனும் கெர்ஷன் குரிட்ஸ்கியும் 2000 ஆம் ஆண்டில் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு, அடிக்கடி அளவிடுவது பல தொகுதிகளில் தேய்வைத் தடுப்பதற்குப் பதிலாக விரைவுபடுத்தும் என்று காட்டியது. இதற்கு 'எதிர் ஸீனோ விளைவு' என்று பெயர்.

ஒரே செயல் ஓரிடத்தில் நிறுத்துகிறது, இன்னோரிடத்தில் விரட்டுகிறது என்றால், எது நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது என்ன? சூழலின் இரைச்சல் என்பதே விடை. இரைச்சல் என்று இங்கு சொல்வது காதில் விழுகின்ற ஓசையை அல்ல. குவாண்டம் தொகுதியைச் சுற்றியிருக்கின்ற அணுக்களின் அசைவு, மின்புலங்களின் தளம்பல், வெப்பம் எல்லாம் சேர்ந்து ஓயாமல் அதைத் தட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தத் தட்டல்கள் எல்லா மீடிறன்களிலும், அதாவது எல்லா அதிர்வெண்களிலும், ஒரே பலத்துடன் வருவதில்லை. சில மீடிறன்களில் உரத்தும் வேறு சிலவற்றில் மெலிந்தும் இருக்கும். தொகுதிக்கென்றும் சொந்தமாக ஒரு மீடிறன் உண்டு. அந்த மீடிறனில் வருகின்ற இரைச்சலே அதைப் பெரிதும் பாதிக்கிறது.

சிற்றலை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறையினருக்கு இதை விளக்குவது எளிது. முள்ளை ஒரு நிலையத்தில் துல்லியமாக நிறுத்தினால் அந்த நிலையம் மாத்திரமே கேட்கும். முள் தடித்துப்போனால் பக்கத்து நிலையங்களும் சேர்ந்து ஒலிக்கும். அடிக்கடி அளவிடுவது குவாண்டம் தொகுதியின் முள்ளைத் தடிக்கச் செய்கிறது. அளவீடுகளுக்கு இடையிலான நேரம் எந்தளவுக்குக் குறைகின்றதோ அந்தளவுக்கு முள்ளின் அகலம் பெருகும். தொகுதி அமைதியான ஒரு மீடிறனில் இருந்து, பக்கத்தில் பெரும் இரைச்சல் இருந்தால், அகன்ற முள் அந்த இரைச்சலைத் தொட்டுவிடும், மாற்றம் விரைவுபடும். மாறாக, தொகுதி இரைச்சலின் உச்சியிலேயே இருந்தால், அகன்ற முள் சுற்றியுள்ள அமைதியான பகுதிகளிலும் பரவிவிடும், மாற்றம் தணியும். எல்லா மீடிறன்களிலும் இரைச்சல் சமமாக இருந்தால் அளவீட்டினால் எந்த வித்தியாசமும் ஏற்படாது. கதிர்த்தொழிற்பாடுள்ள பொருளொன்றின் அரைவாழ்வுக் காலத்தை எவரும் உற்றுநோக்கி நீட்டிக்க முடியாமல் இருப்பதன் காரணமும் ஏறத்தாழ இதுவே. வர்க்க விதி செல்லுபடியாகின்ற ஆரம்பக் கணம் அங்கே கற்பனைக்கு எட்டாத அளவுக்குக் குறுகியது. அதற்குள் புகுந்து அளவிடக்கூடிய கருவி எம்மிடம் இல்லை.

இரண்டு விளைவுகளையும் ஒரே நிலையற்ற தொகுதியில் முதன்முதலாகக் கண்டவர்கள் மார்க் ரெய்சனின் குழுவினர். மிஸ்ராவும் சுதர்சனும் கட்டுரை எழுதிய அதே டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 2001 ஆம் ஆண்டில் அந்தப் பரிசோதனை நடந்தது. லேசர் ஒளியினால் அமைக்கப்பட்ட குழிகளின் வரிசையில் குளிரூட்டப்பட்ட சோடியம் அணுக்கள் சிறைவைக்கப்பட்டன. குழிகளை வேகமாக முடுக்கும்போது அணுக்கள் சுவரை ஊடுருவித் தப்பிச்செல்லும். தப்பிச்செல்வதை 1 மைக்ரோசெக்கனுக்கு ஒரு தடவை இடைமறித்து அளவிட்டபோது தப்பும் வேகம் குறைந்தது. 5 மைக்ரோசெக்கனுக்கு ஒரு தடவை அளவிட்டபோது வேகம் கூடியது. அணுக்கள் அதே அணுக்கள், கருவியும் அதே கருவி. இடைவெளி மாத்திரமே வேறு.

இந்த வரிசையில் எனது வாதத்துக்கு மிகவும் முக்கியமானது 2017 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு. அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கேட்டர் மேர்ச்சின் குழுவினர், மீகடத்தியினால் ஆன கியூபிட் ஒன்றைத் தாங்களே வடிவமைத்த இரைச்சலுக்கு உட்படுத்தினார்கள். எந்த மீடிறனில் இரைச்சல் உரத்திருக்கவேண்டும் என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். அதை மாற்றியபோது, திரும்பத் திரும்ப அளவிடுவது ஒரு தடவை கியூபிட்டின் மாற்றத்தைத் தணித்தது, இன்னொரு தடவை விரைவுபடுத்தியது. அத்துடன் அவர்கள் நின்றுவிடவில்லை. அளவீட்டினால் ஏற்படுகின்ற குழப்பத்தை மாத்திரம் கியூபிட்டுக்குக் கொடுத்து, அதன் நிலை பற்றிய எந்தத் தகவலையும் பெறாத 'பாதி அளவீடு' போன்ற ஒன்றையும் செய்து பார்த்தார்கள். விளைவு அப்படியே இருந்தது. எவரும் எதையும் அறிந்துகொள்ளவில்லை. அறிந்துகொள்வதற்கு அங்கு எதுவும் பதிவாகவும் இல்லை. ஆனாலும், தொகுதி உறைந்தது அல்லது விரைந்தது.

மனம் பார்ப்பதனால்தான் அணு நிற்கிறது என்ற கூற்று இதற்குப் பிறகும் நிலைக்குமா? பார்வையே காரணம் என்றால், பார்வை இல்லாதபோது விளைவும் இல்லாமல் போயிருக்கவேண்டும். பார்வைக்கு அணுவைத் தடுக்கும் ஆற்றல் உண்டு என்றால், இரைச்சலின் வடிவத்தை மாற்றியவுடன் அதே பார்வை அணுவை விரட்டியிருக்கக்கூடாது. எந்த மந்திரமும் இரைச்சலின் மீடிறனைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை. இடைத்தாக்கங்கள்தான் அப்படி வேலை செய்யும்.

ஓர் எதிர்வாதத்தையும் நேர்மையாகக் கவனத்தில் எடுக்கவேண்டும். குவாண்டம் அளவீட்டின் பிரச்சினை முற்றாகத் தீர்ந்துவிட்டது என்று எந்தப் பௌதிகவியலாளரும் உரிமை கோருவதில்லை. சாத்தியமான பல முடிவுகளில் ஒன்று மாத்திரம் ஏன் எமது கருவியில் தோன்றுகிறது என்பதில் கொப்பன்ஹேகன் விளக்கத்தை ஏற்பவர்களுக்கும், ஹியூ எவரெட் 1957 இல் முன்வைத்த விளக்கத்தை ஏற்பவர்களுக்கும் இடையில் இணக்கம் இல்லை. சூழலே ஓயாமல் அளவிடுகின்ற கருவி போன்று செயற்படுகிறது என்பதை ஜேர்மனியின் டீட்டர் ஸே 1970 இலும், பின்னர் 1980களில் வொய்செக் ஸூரெக்கும் விளக்கிய பின்னரும் அந்தக் கேள்வியின் ஒரு பகுதி எஞ்சியே இருக்கிறது. ஆனால், விடை தெரியாத ஒரு கேள்வி இருக்கிறது என்பது அந்த வெற்றிடத்தில் எவரும் எதையும் வைத்து விற்கலாம் என்பதற்கான அனுமதிப்பத்திரம் அல்ல. ஸீனோ விளைவைப் பொறுத்தவரை, எந்தத் தரப்பின் விளக்கத்தை ஏற்றாலும் எண்கள் ஒன்றே.

பிழையான விளக்கத்தின் நட்டம் அறிவுத்துறையுடன் மாத்திரம் முடிந்துவிடுவதில்லை. எந்த அளவீடு காக்கும், எந்த அளவீடு கெடுக்கும் என்ற கேள்வியின் மீதே இன்று பெரும் தொழில்நுட்பம் ஒன்று கட்டியெழுப்பப்படுகிறது. குவாண்டம் கணினியின் கியூபிட்டுகள் சூழலின் இரைச்சலினால் மிக விரைவில் சிதைந்துபோகின்றன. அவற்றை நேரடியாக அளவிட்டால் அவற்றில் உள்ள தகவலும் அழிந்துவிடும். அதனால், தகவலைப் பல கியூபிட்டுகளில் பரப்பி வைத்து, 'அயலவர்கள் இருவரும் ஒத்துப்போகிறார்களா?' என்பது போன்ற கேள்விகளை மாத்திரம் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பீற்றர் ஷோர் 1995 ஆம் ஆண்டில் முன்வைத்த யோசனையில் இருந்து வளர்ந்த முறை இது. 2024 டிசம்பரில் கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 105 கியூபிட்டுகள் கொண்ட 'வில்லோ' என்ற சில்லில், இந்தக் கேள்விகளை ஏறத்தாழ மைக்ரோசெக்கனுக்கு ஒரு தடவை கேட்டு, கியூபிட்டுகளின் கட்டத்தைப் படிப்படியாகப் பெருப்பித்தபோது ஒவ்வொரு படியிலும் பிழை பாதிக்கும் கீழாகக் குறைந்ததைக் காட்டினார்கள். இது ஸீனோ விளைவு அல்ல. பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துகின்ற முறை. ஆனால், பாடம் ஒன்றுதான். அளவிடுவது தன்னளவில் நன்மையும் அல்ல, தீமையும் அல்ல. எதை, எவ்வளவு இடைவெளியில், எந்த இரைச்சலின் நடுவே அளவிடுகிறோம் என்பதே முக்கியம்.

அரசியல் பத்திகளையே எழுதிப் பழகிய என் போன்றவர்களுக்கு, இந்த விளைவுகளை ஆணைக்குழுக்களுக்கும் கண்காணிப்பாளர்களுக்கும் பொருத்திப் பார்க்கின்ற சபலம் இல்லாமல் இல்லை. அதைத் தவிர்க்கவே விரும்புகிறேன். அணுக்களின் நடத்தையில் இருந்து மனிதர்களுக்கு நீதி சொல்லத் தொடங்குகின்ற இடத்தில்தான் இந்தக் குழப்பம் எல்லாம் ஆரம்பிக்கிறது.

அந்தக் குழப்பத்தில் நமது மொழிபெயர்ப்புகளுக்கும் ஒரு பங்கு இருப்பதாக நினைக்கிறேன். அளவீட்டைக் குறிப்பதற்கு 'அவதானிப்பு' என்றும் அதைச் செய்யும் கருவியைக் குறிப்பதற்கு 'அவதானி' அல்லது 'நோக்குநர்' என்றும் தமிழில் எழுதுகிறார்கள். அவதானம் என்றால் நமது மொழியில் கவனம். ஒரே நேரத்தில் எட்டு விடயங்களில் மனதைச் செலுத்துபவரை அட்டாவதானி என்று கொண்டாடிய மரபு நம்முடையது. அந்தச் சொல்லைப் படிக்கின்ற தமிழ் வாசகனின் உள்ளத்தில் ஒரு மனிதனும் அவனது மனமும் தாமாகவே வந்து அமர்ந்துகொள்வதில் ஆச்சரியமில்லை. பெரிலியம் அயனின் மீது மோதிய லேசர் ஒளிக்கு மனமும் இல்லை, கவனமும் இல்லை. 'அளவீடு' என்றோ, தேவைப்படும் இடங்களில் 'தலையீடு' என்றோ எழுதினால் பாதிக் குழப்பம் தொடக்கத்திலேயே நீங்கிவிடும்.

விஞ்ஞானச் செய்தியை எழுதுகின்ற நிருபரிடம் அவர் பௌதிகவியலாளராக இருக்கவேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. அரசியல்வாதி ஒருவர் அறிக்கை விட்டால் 'யார் சொன்னது, எப்போது, எந்த ஆதாரத்தில்?' என்று கேட்கின்ற அதே பழக்கத்தை இங்கும் கடைப்பிடித்தால் போதும். 'பார்வையினால் அணு நின்றது' என்று ஒருவர் சொல்லும்போது, யார் பார்த்தார், எதைக் கொண்டு பார்த்தார், எத்தனை தடவை பார்த்தார், சுற்றிவர என்ன இரைச்சல் இருந்தது என்று கேட்கவேண்டும். அந்த நான்கு கேள்விகளுக்கும் விடை சொல்லக்கூடியவர் ஆய்வுகூடத்தில் இருந்து வந்தவராக இருப்பார். விடை சொல்லாமல் கட்டணப் பட்டியலை நீட்டுபவரைக் குணமடையும் நம்பிக்கையுடன் தேடிச் செல்கின்ற நோயாளிகளும் அவர்களது குடும்பங்களும் நமது வாசகர்களே. அவர்களை எச்சரிக்கும் பொறுப்பை நாம் வேறு எவரிடமும் ஒப்படைக்க முடியாது.